நகல் எங்கே போய்ச் சேருகிறது?

பணி ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலையை அடியோடு விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் தெரிந்தவர்கள் கேட்கும்போது மறுக்க முடிவதில்லை. எங்கள் பக்கத்தில் சில பால் சங்கங்களுக்குச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே ஒரு சர்வரை நிறுவிக் கொடுத்தது நான்தான். அதனால் நடந்த தவறுக்கும் முழுப் பொறுப்பு என்னுடையதுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அங்கிருந்து போன் வந்தது.

"சார், கணக்கு ஓப்பன் ஆக மாட்டேங்குது. இன்னிக்குப் பட்டுவாடா நாள். ஆளுங்க ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடுவாங்க சார்."

பால் ஊற்றுகிறவர்களுக்குப் பட்டுவாடா நாள் என்றால் என்ன என்பது கிராமத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். தீவனக் கடைப் பாக்கி, பள்ளிக்கூட வேன் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாம் அந்த ஒரு நாளை நம்பித்தான் இருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. கணக்கு ஓடும் வர்ச்சுவல் மெஷின் அப்படியே உறைந்து நின்றது. நேரடியாகத் திரையைப் போட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. சிஸ்டம் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தது. எது நிரப்பியது என்று ஒவ்வொரு டைரக்டரியாக அளந்து கூட்டிப் பார்த்தேன். 30 ஜிபிதான் வந்தது. டிஸ்க்கின் அளவோ 94 ஜிபி. மீதி 60 ஜிபிக்கு மேல் எங்கே போயிற்று? பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்போகாத குமாஸ்தாவைப் போல உட்கார்ந்திருந்தேன்.

விடையைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தவறுக்கு ஐம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு வந்தால்தான் விடை விளங்கும்.

நகல் வேறு, அசல் வேறு என்றிருந்த காலம்

எங்கள் தலைமுறைக்கு நகல் என்றால் கார்பன் தாள். மேல் தாள் ஒரு கோப்புக்குப் போகும், அடித்தாள் இன்னொரு கோப்புக்குப் போகும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தால் நகல் எடுத்ததற்கே அர்த்தமில்லை என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். விதைநெல்லையும் சோற்றுக்கான நெல்லையும் ஒரே குதிரில் யாரும் கொட்டியதில்லை.

கம்ப்யூட்டரின் ஆரம்ப காலமும் அந்த ஒழுங்கில்தான் இருந்தது. 1952-ல் ஐபிஎம் நிறுவனம் தன் 701 கம்ப்யூட்டரோடு 726 என்ற காந்த நாடா இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஒரு சுருளில் சுமார் 20 லட்சம் இலக்கங்களைப் பதியலாம். 1956-ல் அதே நிறுவனம் ராமாக் என்ற இயந்திரத்தோடு முதல் ஹார்டு டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவுதான்.

டிஸ்க் விலை உயர்ந்தது, நாடா மலிவானது. அதனால் அன்றாட வேலை டிஸ்க்கில் நடக்கும், நகல் நாடாவில் எடுக்கப்படும். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, மேலே தேதி எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். நகல் என்பது கையில் எடுத்துப் போகக்கூடிய ஒரு பொருள். அது அசல் இருக்கும் டிஸ்க்கில் போய் விழுந்து இடத்தை அடைக்க வழியே இல்லை. பாதுகாப்பு என்று தனியாக யாரும் திட்டமிடவில்லை. பொருள்களின் தன்மையே பாதுகாப்பாக இருந்தது.

ஒரே மரம், பல டிஸ்க்குகள்

அந்த நிலைமை மாறியது யுனிக்ஸால். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-ல் தொடங்கிய வேலை அது. 1971 நவம்பரில் அதன் முதல் கையேடு வெளிவந்தது. அப்போது அது ஓடிய பிடிபி-11 இயந்திரத்தின் நினைவகம் 24 கேபி. டிஸ்க் 512 கேபி.

யுனிக்ஸில் இருந்த ஒரு அழகான யோசனை, எத்தனை டிஸ்க் இருந்தாலும் பயனாளருக்கு ஒரே மரமாகக் காட்டுவது. மரத்தின் வேர் ரூட் எனப்படும். இரண்டாவது டிஸ்க்கை மாட்ட வேண்டுமென்றால், மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு காலி டைரக்டரியைக் காட்டி, இந்த இடத்தில் பொருத்து என்று சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் மவுண்ட். 1971 கையேட்டிலேயே இது இருக்கிறது. பொருத்திய பிறகு அந்த டைரக்டரிக்குள் எதைப் போட்டாலும் இரண்டாவது டிஸ்க்குக்குப் போகும். எழுதும் நிரலுக்கு எந்த டிஸ்க் என்ற கவலையே கிடையாது.

அந்தக் காலத்திலேயே ரூட் டிஸ்க்கில் இட நெருக்கடி வந்துவிட்டது. சில வருஷங்களில் பரவலான ஆர்கே05 டிஸ்க் ஒன்றின் அளவே சுமார் 2.5 எம்பிதான். சிஸ்டம் நிரல்கள் முதல் டிஸ்க்கில் அடங்காமல், பயனாளர்களின் கோப்புகளுக்காக வைத்திருந்த யுஎஸ்ஆர் என்ற இரண்டாவது டிஸ்க்குக்குள் குடியேறின. இன்றைய லினக்ஸிலும் அந்தப் பெயர் அப்படியே நிற்கிறது.

மவுண்ட் என்ற அழகான யோசனைக்குள் ஒரு பள்ளமும் ஒளிந்திருந்தது. இரண்டாவது டிஸ்க் பொருத்தப்படவில்லை என்றாலும் அந்தக் காலி டைரக்டரி அங்கேயே இருக்கும். அதற்குள் எழுதினால் பிழை வராது. எழுதியது எல்லாம் சத்தமில்லாமல் ரூட் டிஸ்க்கில் போய் விழும். பிறகு டிஸ்க்கைப் பொருத்தினால், அடியில் விழுந்தவை கண்ணுக்கே தெரியாது. குழிக்கு மேல் பாயை விரித்த மாதிரி.

இதற்கு ஒரு அண்ணன் தம்பித் தவறும் உண்டு. யுனிக்ஸில் நாடா இயந்திரத்துக்கும் ஒரு கோப்புப் பெயர் இருக்கும். தேவ் என்ற டைரக்டரியில் அந்தப் பெயர் இருக்கும். நிர்வாகி நகல் எடுக்கும்போது அந்தப் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு இயந்திரம் இல்லை என்று சொல்லாது. அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றைப் புதிதாக உருவாக்கி, நகல் முழுவதையும் ரூட் டிஸ்க்கில் கொட்டும். பழைய யுனிக்ஸ் நிர்வாகிகள், ரூட் நிரம்பினால் முதலில் தேவ் டைரக்டரியைப் பார் என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஒதுக்கி வைத்த பத்து சதவீதம்

1983-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வெளிவந்தது. மார்ஷல் கிர்க் மெக்குசிக்கும் அவருடைய சகாக்களும் அதற்காக வேகமான கோப்பு அமைப்பு ஒன்றை எழுதியிருந்தார்கள். டிஸ்க் நிரம்பிக்கொண்டே போனால் கோப்பின் துண்டுகளை அருகருகே வைக்க இடம் கிடைக்காமல் வேகம் குறையும். அதனால் சுமார் 10 சதவீத இடத்தை ஒதுக்கி வைத்தார்கள். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் சாதாரணப் பயனாளர் எழுத முடியாது, நிர்வாகி மட்டுமே எழுதலாம். 1993-ல் லினக்ஸுக்கு வந்த எக்ஸ்ட்2 கோப்பு அமைப்பும் இதே வழியில் போனது. அதிலும் அதன் வாரிசான எக்ஸ்ட்4-லும் வழக்கமான ஒதுக்கீடு 5 சதவீதம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேக்கப் விஷயத்தில் இது காவல் அல்ல. பேக்கப் நிரல் எல்லாக் கோப்புகளையும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவாக நிர்வாகி உரிமையோடுதான் ஓடும். அந்த ஒதுக்கீட்டின் சாவி அதன் கையிலேயே இருக்கிறது. கடைசிப் படி அரிசியையும் அளந்து கொட்டிவிட்டுத்தான் நிற்கும்.

ஒரு கூரையின் கீழ் பல குடித்தனம்

இனி வர்ச்சுவல் மெஷின். ஒரே இயந்திரத்துக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பது போல நடத்திக் காட்டும் வித்தை இது. ஏதோ நேற்று வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் க்ரீசியும் லெஸ் கோமோவும் 1964-ல் தொடங்கி, 1967 ஜனவரியில் சிபி-40 என்ற அமைப்பை ஓட்டிவிட்டார்கள். ஒரே நேரத்தில் 14 வர்ச்சுவல் மெஷின்கள் வரை அதில் ஓடின. 1972 ஆகஸ்டில் அதன் வழிவந்த விஎம்/370 விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. டிஸ்க்கைப் பாத்தி கட்டுவது போலப் பிரித்து, ஒவ்வொரு வர்ச்சுவல் மெஷினுக்கும் ஒரு மினி டிஸ்க் கொடுத்தார்கள். ஒருவர் பாத்தி நிரம்பினால் தண்ணீர் அடுத்தவர் பாத்திக்குப் போகாது.

மெயின்ஃபிரேமில் இருந்த இந்த வித்தை சாதாரண இன்டெல் கம்ப்யூட்டருக்கு வர முப்பது வருஷமாயிற்று. 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் 1999-ல் முதல் சரக்கைக் கொண்டுவந்தது. 2007-ல் கேவிஎம் என்ற பகுதி லினக்ஸிலேயே சேர்ந்தது. அதை வைத்து ஆஸ்திரியாவின் வியன்னாவில் உள்ள ஒரு நிறுவனம் 2008-ல் வெளியிட்டதுதான் ப்ராக்ஸ்மாக்ஸ். இலவசமாகக் கிடைப்பதால் சின்ன அலுவலகங்களில் அதிகம் புழங்குகிறது. நான் நிறுவியதும் அதுதான்.

இங்கேதான் பழைய கதை புது வேஷத்தில் வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு ரூட் டிஸ்க் நிரம்பினால் ஒரு கம்ப்யூட்டர் நிற்கும். இப்போது அதன் மேல் குடியிருக்கும் எல்லாக் குடித்தனங்களுக்கும் ஆபத்து. பேக்கப்பும் முன்போலச் சில எம்பி இல்லை. ஒரு வர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கையே மொத்தமாக அள்ளி ஒரே கோப்பாகக் கட்டுகிறார்கள். ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவினால் லோக்கல் என்று ஒரு சேமிப்பிடம் தானாக அமையும். அது பொதுவாக ரூட் டிஸ்க்கிலேயே இருக்கிறது. பேக்கப்புக்கு வேறு இடம் காட்டாவிட்டால் அங்கேதான் போய்ச் சேரும்.

பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது

சின்ன அலுவலகம், ஓய்வு பெற்ற கிழவன், அதனால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றுபோயின. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் இரண்டு நாள் முன்பு பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டதே காரணம் என்று அந்த நிறுவனமே பிறகு அறிவித்தது. மாற்று ஏற்பாடும் அதே அமைப்பின் மேல் ஓடியதால் அதிலும் அதே கோளாறு வந்தது. மாறிக்கொள்ள முடியவில்லை. கடைசியில் அதிகக் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தகவல்களை மாற்றித்தான் மீட்டார்கள்.

பூமிக்கு வெளியேயும் இதன் பங்காளி ஒன்று உண்டு. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி மூன்றே வாரத்தில் ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. அதன் ஃபிளாஷ் சேமிப்பில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, அவற்றை நிர்வகிக்க நினைவகம் போதாமல், திரும்பத் திரும்பத் தன்னையே அணைத்துத் தொடங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சேமிப்பைத் தொடாமல் எழுந்திரு என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, பழைய கோப்புகளை நீக்கிய பிறகு சரியானது. 90 நாள் வேலைக்குப் போன ஊர்தி 2010 வரை உழைத்தது.

அன்று நடந்தது இதுதான்

இப்போது என் கதைக்கு வருகிறேன். பேக்கப்புக்கு என்று ஒரு யுஎஸ்பி டிஸ்க்கை வாங்கி, பேக்கப் என்ற டைரக்டரியில் மவுண்ட் செய்திருந்தேன். அந்த டிஸ்க் கிடைக்காவிட்டாலும் சர்வர் எழுந்திருக்க வேண்டும் என்று அமைப்பில் எழுதியதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை மின்வெட்டு. யுபிஎஸ் தாக்குப்பிடிக்கவில்லை. மின்சாரம் வந்ததும் சர்வர் எழுந்தது, யுஎஸ்பி டிஸ்க் எழவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று இரவுகளும் இரண்டு மணிக்கு பேக்கப் ஓடியது. ஒவ்வொரு நாளும் 20 ஜிபி. காலையில் எனக்கு வெற்றி என்று மின்னஞ்சலும் வந்தது. அது பொய்யில்லை. நகல் எடுக்கப்பட்டது உண்மை, எடுத்த இடம்தான் தவறு. வியாழக்கிழமை இரவு இடம் தீர்ந்தது. கணக்கு மெஷினின் டிஸ்க் கோப்பையும் சோம்பலால் ரூட்டிலேயே வைத்திருந்தேன். எழுத இடமில்லாமல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று எனக்குத் தோல்வி என்ற மின்னஞ்சல்கூட வரவில்லை. மின்னஞ்சலை வரிசையில் வைக்கவும் டிஸ்க்கில் இடம் வேண்டுமே!

நான் போனதும் யுஎஸ்பி டிஸ்க்கின் விளக்கு எரியாததைப் பார்த்து, கழற்றி மாட்டி, மவுண்ட் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கத் தொடங்கினேன். அதுதான் என்னை அலைக்கழித்தது. அடியில் கிடந்த 60 ஜிபியின் மேல் நானே பாயை விரித்துவிட்டேன். அதனால்தான் கூட்டல் ஒத்துப்போகவில்லை. யுஎஸ்பி டிஸ்க்கில் கடைசி நகல் ஞாயிறு அதிகாலைத் தேதியோடு இருந்ததைக் கவனித்தபோதுதான் பொறி தட்டியது. மூன்று நாள் நகல் எங்கே? டிஸ்க்கை அவிழ்த்து டைரக்டரியைத் திறந்தேன். மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அவற்றை வேறிடத்துக்கு மாற்றி, கணக்கு மெஷினைத் தொடரச் சொன்னதும் ஓடியது. பட்டுவாடா மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. காலையிலிருந்து திண்ணையில் காத்திருந்த ஒரு பெரியம்மா, "கம்ப்யூட்டர் வந்தா சீக்கிரம் ஆகும்னாங்களே தம்பி" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு செய்த ஏற்பாடுகள்

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

முதலாவது, ப்ராக்ஸ்மாக்ஸின் சேமிப்பிட அமைப்பில் இஸ் மவுண்ட்பாயிண்ட் என்று ஒரு குறிப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டால், டிஸ்க் உண்மையாகவே பொருத்தப்பட்டிருந்தால்தான் அந்த இடம் உயிரோடு இருப்பதாகக் கொள்ளும். இல்லாவிட்டால் பேக்கப் தோல்வி அடையும். தோல்வி என்று சத்தம் போடுவது, தவறான இடத்தில் கிடைக்கும் வெற்றியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது, டிஸ்க்கை அவிழ்த்த நிலையில் அந்தக் காலி டைரக்டரிக்கு, மாற்ற முடியாதது என்ற அடையாளத்தை இட்டேன். லினக்ஸில் இதற்குக் கட்டளை இருக்கிறது. அதன்பின் நிர்வாகியே ஆனாலும் அதற்குள் கோப்பு உருவாக்க முடியாது. மேலே டிஸ்க்கைப் பொருத்துவதற்கு அது தடையில்லை. குழிக்கு மூடி போட்டாயிற்று.

மூன்றாவது, லோக்கல் சேமிப்பிடத்தில் பேக்கப் வைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டேன். கணக்கு மெஷினின் டிஸ்க்கையும் ரூட்டிலிருந்து வேறு பகுதிக்கு மாற்றினேன்.

நான்காவது, எத்தனை நகல் வைப்பது என்ற வரம்பு. தினசரி ஏழு, வாரத்துக்கு ஒன்றாக நான்கு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புது நகல் முடிந்த பிறகுதான் பழையது கழிக்கப்படும். ஆகவே வரம்புக்கு மேல் ஒரு தடவைக்கான இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, டிஸ்க் 80 சதவீதம் தொட்டால் எச்சரிக்கை. அதை அந்த சர்வர் அனுப்புவதில்லை. வேறொரு சின்ன கம்ப்யூட்டர் வெளியிலிருந்து பார்த்து அனுப்புகிறது. மூச்சு முட்டிக் கிடப்பவனே கூப்பிடுவான் என்று காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, மாதம் ஒருமுறை ஒரு நகலை எடுத்து வேறு இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். இன்னொரு நகல் வேறு கட்டடத்துக்குப் போகிறது. அதை அலுவலகச் செயலாளரே பையில் போட்டு எடுத்துப் போகிறார், 1952-ன் நாடாச் சுருளைப் போல.

யோசித்துப் பார்த்தால், நாடா பீரோவுக்குப் போன காலத்தில் இயற்கையாக இருந்த பிரிவினையை, சௌகரியத்துக்காக நாமே அழித்தோம். இப்போது விதிகள் எழுதி அதைத் திரும்பக் கொண்டுவருகிறோம். நகல் எடுத்தாயா என்று மட்டும் கேட்டுப் பழகியவன் நான். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் கேட்டிருந்தால், அந்தப் பெரியம்மா காலை பத்து மணிக்கே வீடு திரும்பியிருப்பார்.